விடுமுறைப் பயணம்: ஒரே தண்டவாளத்தில் வரலாறும் விளையாட்டும்



பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க வீடுதோறும் ஒரு வழக்கு எழுவதைப் பார்க்கிறோம். பிள்ளைகள் நீர்ச்சறுக்கும் ராட்டினமும் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும் என்பார்கள். தந்தையோ, காசைத் தண்ணீரில் போடுவதைவிட அரும்பொருளகத்துக்கும் பழைய கட்டடங்களுக்கும் போனால் நாலு விஷயம் தெரியுமே என்பார். தாயார், கோயிலுக்குப் போய் வந்தால் போதும் என்பார். பாட்டியோ, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்று ஒதுங்கிக்கொள்வார். கடைசியில் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க, மற்றவர்கள் அரைமனதோடு போய்த் திரும்புவார்கள்.

இந்த வழக்கில் எந்தக் கட்சியும் தோற்க வேண்டியதில்லை. வரலாற்று இடங்களையும் விளையாட்டு இடங்களையும் ஒரே பயணத்தில் சேர்க்கலாம். ஆனால் பட்டியல் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவது அதற்கு வழியாகாது. பூக்களைச் சேர்க்க ஒரு நார் வேண்டுவதுபோல், இடங்களைச் சேர்க்கவும் ஒன்று வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அந்த நார் எது என்று கேட்டால், ஈயமும் அந்த ஈயத்தைச் சுமந்த ரயில் பாதையுமே என்பேன். அந்த ஒரே பாதையை ஒட்டி மூன்று நாள் பயணம் ஒன்றை எப்படி வகுப்பது என்பதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

முதலில் இந்தப் பாதை எப்படி உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1857-ஆம் ஆண்டில் கிள்ளானை நிர்வகித்த ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளர்களை ஆற்று வழியாக உள்நாட்டுக்கு அனுப்பினார். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் இறங்கி, காட்டுக்குள் நடந்து, அம்பாங்கில் அவர்கள் ஈயம் தேடினார்கள். காய்ச்சல் கண்டு ஒரு மாதத்துக்குள் பெரும்பாலோர் மாண்டுபோயினர். எஞ்சியவர் 18 பேர். ஆயினும் ஈயம் கிடைத்தது. ஆறுகள் கூடிய அந்தச் சேற்று நிலமே பின்னர் கோலாலம்பூர் ஆயிற்று. 1880-இல் சிலாங்கூரின் தலைநகரம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக ஆறு மட்டும் போதவில்லை. ஆகவே 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரையில் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின் மேல் பாலம் கட்டி, பாதை கிள்ளான் நகருக்குள் வந்தது. பிறகு 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை அது எட்டியது. 1972 முதல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம்.

அதே வழித்தடத்தில்தான் இன்றும் கொமுட்டர் ரயில் ஓடுகிறது. கிள்ளான் துறைமுகம், கிள்ளான், ஷா ஆலம், சுபாங் ஜெயா, செத்தியா ஜெயா, மலேசிய வானொலியின் இல்லமான அங்காசாபுரி, பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் ஆகியவை அந்தப் பாதையில் உள்ள நிலையங்களுள் சில. கேஎல் சென்ட்ரலில் ரயில் மாறினால் பத்துமலை வரைக்கும் போய்விடலாம். சொந்த வண்டி இல்லாத குடும்பமும் இந்தப் பயணத்தை மேற்கொள்ளலாம் என்பது இதனால் விளங்கும்.

திட்டமிடுதல் எங்கே தொடங்க வேண்டும்? வீட்டில், பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தொடங்க வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பாகவே பிள்ளைகளின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பாட்டியிடமோ தாத்தாவிடமோ மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். நம் குடும்பத்தில் இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர் யார்? எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்? முதன்முதலில் எந்தத் தோட்டத்தில், என்ன வேலை செய்தார்? பதில் அரைகுறையாக இருந்தாலும் எழுதிக்கொள்ளட்டும். ஊர்ப் பெயர் தெரியாமல் கப்பலின் பெயர் மட்டும் தெரிந்திருக்கலாம். தோட்டத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் மட்டும் நினைவில் இருந்து, துரைமார்கள் வைத்த பெயர் மறந்துபோயிருக்கலாம். அதனால் குற்றமில்லை. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கே வாழ்ந்தவர்கள் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டனர். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே அடுத்த விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது செலவு. பயணக் கணக்கை ஐந்து தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பூங்கா நுழைவுச் சீட்டு, தங்குமிடம், ரயிலும் பேருந்தும், சாப்பாடு, அவசரச் செலவு. இவற்றுள் பூங்கா நுழைவுச் சீட்டைத்தான் முதலில் எழுத வேண்டும். அதுதான் பெரிய தொகை. அதைக் குறைப்பது அரிது. ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவை நம் விருப்பப்படி கூட்டிக் குறைக்கலாம். வரலாற்று இடங்களில் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை; அரும்பொருளகங்களில் சிறு தொகைதான். மாதம் 100 வெள்ளி வீதம் பத்து மாதம் ஒதுக்கி வைத்தால் 1,000 வெள்ளி சேரும். கடன் வாங்கிப் போகும் விடுமுறை, திரும்பி வந்த பிறகும் முடியாது. நுழைவுச் சீட்டில் மலேசியக் குடிமக்களுக்குச் சலுகை தருவது பல பூங்காக்களின் வழக்கம். எனவே பெரியவர்களின் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் அடையாள அட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். கணக்கெழுதும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் விடலாம். வகுப்பறையில் கசக்கும் கூட்டலும் கழித்தலும் அந்த மூன்று நாளில் தானாகவே வந்துவிடும்.

இடங்களை நாள்வாரியாக அடுக்குவதற்கு இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். முதலாவது, கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு நாளை முழுமையாக ஒதுக்குங்கள். காலையில் அரும்பொருளகம், மதியத்துக்கு மேல் பூங்கா என்று பிரித்தால், முழு நாளுக்குக் காசு கொடுத்துவிட்டு அரை நாளைத்தான் பெறுவோம். மேலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடி மழை பெய்வது வழக்கம். மின்னல் வெட்டினால் திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிட வேண்டும்.

இரண்டாவது விதி, பூங்கா நாளை நடுவில் வைப்பது. முதல் நாளே பூங்காவுக்குப் போனால், அடுத்த இரண்டு நாளும் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிடும். கடைசி நாளுக்கு வைத்தால், மற்ற இடங்களில் நிற்கும்போதெல்லாம், பூங்காவுக்கு எப்போது போவோம் என்று நச்சரிப்பார்கள். நடுவில் வைத்தால், முதல் நாள் பார்த்ததற்குப் பூங்காவிலேயே பொருள் விளங்கும். எப்படி என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினால் வசதி. ரயில் பக்கத்தில், நம் சாப்பாடும் பக்கத்தில். உறவினர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே குடியிருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் வீடு திரும்பிவிடலாம்.

இனி முதல் நாள். காலையில் பசியாறிவிட்டு ரயிலேறி நேரே கிள்ளான் துறைமுகத்துக்குப் போங்கள். நிலையத்தை விட்டு இறங்கி நடக்கும் தூரத்திலேயே, கேத்தாம் தீவுக்குப் படகு புறப்படும் துறை இருக்கிறது. இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கண்ணுக்குத் தெரிவது தண்ணீரும் கப்பலும்தான். ஆனால் பாட்டி சொன்னதை எழுதிய நோட்டுப் புத்தகத்தை இங்கேதான் திறக்க வேண்டும். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இறங்கிய துறைமுகங்களுள் பினாங்குக்கு அடுத்தபடியாக நாம் சொல்வது இதைத்தான். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றி, பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் ஓடியது. நம் பெரியவர்கள் பலருக்கு அந்தப் பெயர் ஒரு சொந்தக்காரரின் பெயரைப் போல. இந்தத் துறைமுகம் திறந்த 1901-ஆம் ஆண்டிலேயே மலேரியா காய்ச்சல் இங்கு கடுமையாகப் பரவியது. டாக்டர் மால்கம் வாட்சன் என்பவர் சதுப்பு நிலத்து நீரை வடியச் செய்து கொசு பெருகாமல் தடுத்து, கிள்ளானிலும் இங்கும் காய்ச்சலைக் கட்டுப்படுத்தினார். பிற்காலத்தில் தோட்டங்களிலும் அந்த முறை கையாளப்பட்டது.

அரை மணி நேரம் இங்கே போதும். திரும்பும் ரயிலில் ஏறிக் கிள்ளான் நகரில் இறங்குங்கள். நகரில் பார்க்க வேண்டிய பழைய கட்டடம் கெடோங் ராஜா அப்துல்லா. கெடோங் என்றால் மலாய் மொழியில் பண்டகசாலை. 87 பேரை அம்பாங்குக்கு அனுப்பிய அதே ராஜா அப்துல்லா, ஈயத்தையும் உணவுப் பொருள்களையும் சேர்த்து வைக்க 1850-களில் கட்டியது இது. பின்னர் காவல் நிலையமாகவும் ஈய அரும்பொருளகமாகவும் இருந்திருக்கிறது. உள்ளே அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் வெளியே நின்று பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைப் போடலாம்: பண்டகசாலையை ஏன் ஆற்றுக்குப் பக்கத்தில் கட்டினார்கள்? அன்றைக்கு ஆறுதான் சாலை என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆற்றைப் பிடித்தவன் ஈயத்துக்கு வரி வாங்குவான். அதற்காகவே 1867 முதல் 1874 வரை கிள்ளான் போர் நடந்தது என்று சொன்னால், பாடநூலில் ஒரு பத்தியாகக் கிடந்த போர் மண்ணோடு சேர்ந்து நினைவில் நிற்கும்.

அருகிலேயே சுல்தான் அப்துல் அஜிஸ் அரச காட்சியகம் இருக்கிறது. 1909-ஆம் ஆண்டுக் கட்டடம். வரைந்தவர் ஹப்பாக் என்ற ஆங்கிலேயர். இந்தப் பெயரைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மூன்றாம் நாள் மீண்டும் வரும். மதியச் சாப்பாட்டுக்குத் தெங்கு கிளானா சாலைக்கு, அதாவது கிள்ளானின் லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம். வாழையிலைச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கும்போது, பெரியவர்கள் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1941-ஆம் ஆண்டில் இந்தக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் என்பவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். படை வந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். சைக்கிள் ஓட்டத் தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டால் ஒரு கணம் பேசாமல் இருக்கும். அதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் விளையாட்டுக்கு. நம் நாட்டில் கேளிக்கைப் பூங்கா என்றதும் பெரியவர்களுக்குக் கோம்பாக்கில் இருந்த மிமாலேண்ட் நினைவுக்கு வரும். அது 1994-இல் மூடப்பட்டுவிட்டது. கெந்திங் மலையில் 2022-இல் திறந்த புதிய பூங்கா இருக்கிறது. ஆனால் நம் தண்டவாளத்தை ஒட்டியிருப்பது சன்வே லகூன். செத்தியா ஜெயா நிலையத்தில் இறங்கினால், 2015 முதல் தனிப் பாலத்தின் மேல் ஓடும் மின்சாரப் பேருந்து பூங்காவுக்குக் கொண்டுபோய் விடுகிறது.

ரயிலில் போகும்போது சன்னலோரம் உட்காரும் பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். இப்போது கட்டடமாகத் தெரியும் இடங்கள் முன்பு என்னவாக இருந்தன? ஷா ஆலம் நகரம் எழுந்த நிலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்தது. சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்ட நிலத்தில் 1970-களில் உருவாகத் தொடங்கியது. தோட்டம் போய்விட்டது; ஆனால் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி அதே பெயரோடு இன்றும் நடக்கிறது. நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் மட்டும்தான் இப்போது தோட்டம் எஞ்சியிருக்கிறது.

பூங்காவுக்குள் நுழைந்ததும், நீர்ச்சறுக்குக்கு ஓடுவதற்கு முன் இரண்டு நிமிடம் மேலே நின்று கீழே பார்க்கச் சொல்லுங்கள். பூங்கா ஒரு பெரிய பள்ளத்துக்குள் இருப்பது தெரியும். ஏன் இவ்வளவு பள்ளம்? அது ஈயம் தோண்டிய குழி. நேற்றுக் கிள்ளானில் பார்த்த பண்டகசாலையில் அடுக்கி வைத்த பொருள், இதைப் போன்ற குழிகளிலிருந்து வந்ததுதான்.

ஈயத்தை எப்படி எடுத்தார்கள் என்பதையும் சொல்லலாம். நம் வீட்டில் அரிசி அரிப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். தண்ணீர் விட்டு அசைத்தால் அரிசி நகரும். கனமான கல் அடியில் தங்கும். ஈயத் தாது மணலைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. வேகமாகப் பீய்ச்சும் நீரால் மண்ணைக் கரைத்து, அந்தச் சேற்றுக் குழம்பை இயந்திரத்தால் மேலே இழுத்து, பாலோங் என்ற நீண்ட மரச் சாய்வில் ஓடவிடுவார்கள். மணல் அடித்துச் செல்லப்படும். ஈயத் தாது அடியில் தங்கும். அதைச் சேர்த்து எடுப்பார்கள். இந்த வேலை நடந்த இடத்தில் பெரிய குழிகளும் ஈயக் குட்டைகளும் மணல் மேடுகளும் மிஞ்சின.

உலகிலேயே அதிக ஈயம் எடுத்த நாடாக மலேசியா நெடுங்காலம் விளங்கியது. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்க முடியாமல் முறிந்தது; ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சன்வே நிறுவனமே 1974-இல் ஈயச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கியதுதான். கைவிடப்பட்ட குழியை நிரப்பாமல், அதன் சரிவையும் நீரையும் பயன்படுத்தி விளையாட்டுப் பூங்காவாக்கினார்கள்; அது 1993-இல் திறக்கப்பட்டது. பிள்ளை சறுக்கி விழும் பள்ளம் வேடிக்கைக்காகத் தோண்டப்பட்டதன்று, பிழைப்புக்காகத் தோண்டப்பட்டது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகு அன்றைய தினம் பாடம் வேண்டாம். விளையாட்டு நாளில் பிள்ளைகள் விளையாடட்டும்.

பூங்கா நாளுக்கான சில நடைமுறைக் குறிப்புகள். நீர் விளையாட்டுக்கு நீச்சல் உடை வேண்டும் என்பது பூங்காக்களின் விதி. பருத்திச் சட்டையோ கைலியோ சேலையோ உடுத்தி நீரில் இறங்க விடமாட்டார்கள். நனைந்த துணி கனத்துக் காலைச் சுற்றும், சறுக்குகளில் சிக்கிக்கொள்ளும். உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சல் உடைகளும் கடைகளில் கிடைப்பதால், நம் பெண்கள் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை. இரண்டாவது, பல விளையாட்டுகளுக்கு உயர வரம்பு உண்டு. வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏற முடியாது என்று முன்பே சொல்லிவிட்டால், வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகு அழ நேராது. மூன்றாவது, வெளி உணவைப் பெரும்பாலான பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே காலையில் வயிறாரச் சாப்பிட்டுப் போவதே சிக்கனம். நான்காவது, கூட்டத்தில் பிரிந்தால் எங்கே கூடுவது என்று ஓர் இடத்தை நுழைந்தவுடனே காட்டிவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் எப்போதும் நீருக்குள் சிறு பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காவலர் இருக்கிறார் என்று விட்டுவிடக்கூடாது. பூங்கா எந்தெந்தக் கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதையும் புறப்படும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் அதிகாலையில் பத்துமலை. வெயிலேறுமுன் ஏறிவிட்டால் 272 படிகளும் சுமையாகத் தோன்றாது. முழங்கால் வலியுள்ள பாட்டி கீழேயே இருந்து, அடிவாரத்துக் கோயில்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்குகள் விடமாட்டா; தோள்பையில் வைத்து மூடிவிடுங்கள். 42.7 மீட்டர் உயரமுள்ள முருகன் சிலை 2006-இல் திறக்கப்பட்டது. படிகளுக்கு வண்ணம் தீட்டியது 2018-இல். இவை பிள்ளைகளின் கண்ணில் முதலில் படும். ஆனால் 1891-ஆம் ஆண்டு வாக்கில் கே. தம்புசாமி பிள்ளை இந்தக் குகையில் வேலை நிறுவியபோது சிலையும் இல்லை, படியும் இல்லை. 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. மரப்படிகள் வந்ததே 1920-இல்தான். குகையோ 40 கோடி ஆண்டுப் பழைமை உடைய சுண்ணாம்புப் பாறையில் நீர் அரித்து உண்டாக்கியது.

தம்புசாமி பிள்ளையை நாம் கோயில் கட்டியவராக மட்டுமே அறிவோம். அவர் ஈயச் சுரங்கத் தொழிலிலும் இருந்தார். லோக் இயூவும் அவரும் சேர்ந்து நடத்திய ரவாங் சுரங்கத்தில் 1894-இல் மின்சாரம் பயன்படுத்தப்பட்டது. இந்த நாட்டில் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ஆக, மூன்றாம் நாள் மலைக்கோயிலிலும் முதல் நாள் பார்த்த ஈயமே நம்மைச் சந்திக்கிறது.

திரும்பும் ரயில் செந்தூல் வழியாக வரும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி அது. கோலாலம்பூர் பழைய நிலையத்தில் இறங்குங்கள். 1910-இல் எழுந்த அந்தக் கட்டடத்தின் கும்மட்டங்களைப் பார்த்ததும், வரைந்தவர் யார் என்று கேளுங்கள். கிள்ளான் காட்சியகத்தை வரைந்த அதே ஹப்பாக் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி. அங்கிருந்து 1897-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் மாளிகைக்கும், எதிரே உள்ள மெர்டேகா சதுக்கத்துக்கும் நடந்தே போகலாம். 1957 ஆகஸ்ட் 30-ஆம் தேதி நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது இந்தத் திடலில்தான். பக்கத்தில் ஜாமெக் பள்ளிவாசல். அதன் அருகே இரண்டு ஆறுகளும் கூடுகின்றன. 87 பேர் வந்திறங்கியது இந்தக் கூடலில்தான் என்று சுட்டிக்காட்டுங்கள். கிள்ளானில் தொடங்கிய கதை இங்கே ஒரு சுற்று வந்துவிடுகிறது.

நண்பகல் வெயிலுக்குத் தேசிய அரும்பொருளகம் ஏற்றது. 1963 ஆகஸ்ட் 31-இல் திறக்கப்பட்டது. அதே இடத்தில் முன்பு இருந்த சிலாங்கூர் அரும்பொருளகம் 1945-இல் குண்டுவீச்சில் சிதைந்தது. விமானங்கள் குறிவைத்தது பக்கத்தில் இருந்த ரயில்வே பகுதியை. எல்லாக் கூடங்களையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அதைப் பற்றி ஐந்து வரி எழுதினால் போதும்.

மாலையில் பிரிக்ஃபீல்ட்ஸ். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரமும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லால் கட்டுங்கள் என்று அரசாங்கம் கட்டளையிட்டபோது, செங்கல் சூளைகள் எழுந்த இடம் இது. பெயருக்கும் அதுவே காரணம். பிறகு ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. தண்டவாளத்தில் உழைத்த தமிழ்நாட்டுத் தமிழரும், அலுவலகங்களில் எழுதிய இலங்கைத் தமிழரும் இங்கே அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். 1904-இல் எழுந்த விவேகானந்தர் ஆசிரமமும், இலங்கைத் தமிழர் அமைத்த ஸ்ரீ கந்தசுவாமி கோயிலும் அவர்களின் சுவடுகள். பூக்கடைகளுக்கு நடுவே நடந்து, ஒரு கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே மூன்று நாள் கணக்கையும் முடித்துவிடலாம்.

இந்த முறை கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மட்டும் உரியதன்று. பேராவுக்குப் போகிறவர்கள், பத்து காஜா அருகே கெல்லி மாளிகையையும் ஈப்போவின் தம்பூன் கேளிக்கைப் பூங்காவையும் இணைக்கலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய அந்த மாளிகையைக் கட்டியவர்களில் தமிழர்கள் உண்டு. அவர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் மேல், தொப்பியணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்று இருக்கிறது. மலாக்காவுக்குப் போகிறவர்கள், 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலை ஒரு நாளும், அலோர் காஜாவில் உள்ள நீர்ப் பூங்காவை மறுநாளும் பார்க்கலாம். வடக்கே, ராஜேந்திர சோழன் 1025-இல் படை அனுப்பிய கடாரத்தின் சின்னங்களைப் பூஜாங் பள்ளத்தாக்கில் பார்த்துவிட்டு, பினாங்கில் தெலுக் பஹாங் பூங்காவில் விளையாடலாம். எங்கே போனாலும், இடங்களை இணைக்கும் ஒரு நாரை முதலில் தேடுங்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், விடுமுறையில் நான் என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். போனோம், விளையாடினோம், சாப்பிட்டோம், வந்தோம் என்று நான்கு வரியில் முடியும் கட்டுரைகளே அதிகம். இப்படி ஒரு பயணம் போய் வந்த பிள்ளைக்கு எழுத விஷயம் இருக்கும். ஆனால் ஒரு கடமை மிச்சமுண்டு. வீட்டுக்கு வந்த அன்று இரவே அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பாட்டியிடம் மீண்டும் ஒரு தடவை கேட்கச் சொல்லுங்கள். துறைமுகத்தைப் பார்த்தோம், ஈயக் குழியைப் பார்த்தோம் என்று பேரப்பிள்ளை சொல்லத் தொடங்கினால், முதல் தடவை நினைவுக்கு வராத பெயர்கள் பாட்டிக்கு அப்போது நினைவுக்கு வரலாம். வந்தால், தேதி போட்டு எழுதி வையுங்கள்.